காட்டோரக் கேள்விகள்: சுடலாமா, கூடாதா?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தபோது பாதிக்கு மேல் காட்டுப்பன்றியைப் பற்றியே இருந்தன. மீதிக் கடிதங்களும் ஏதோ ஒரு விதத்தில் வேட்டையைத்தான் தொட்டன. அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: வனக்காப்பாளராகச் சேர்ந்து வனச்சரகராக ஓய்வு பெற்றவன் நான். 33 வருடப் பணியில் பெரும்பகுதி கோவை, ஈரோடு மலையடிவாரங்களில் கழிந்தது. பயிரைப் பறிகொடுத்தவர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறேன், செத்த விலங்கின் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டையும் மறக்காமல்தான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, மூன்று ஏக்கரில் நிலக்கடலை போட்டிருந்தேன். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரே ராத்திரியில் பன்றிகள் முக்கால் ஏக்கரைப் புரட்டிவிட்டன. பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். என் மச்சானிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கிறது. நாங்களே சுட்டுக்கொள்ளலாமா?
— ஒரு விவசாயி, அன்னூர் அருகில்

நீங்கள் அனுப்பிய போட்டோவை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடிகள் வேரோடு கிளம்பி மல்லாந்து கிடக்கின்றன. மண் ஏர் ஓட்டியது மாதிரி இருக்கிறது. இளங்காயை மென்று தோலைத் துப்பிவிட்டுப் போயிருக்கின்றன. இடது மூலையில் ஒரு குளம்புத் தடம் நன்றாக விழுந்திருக்கிறது, கவனித்தீர்களா? முன்னால் பிளந்த குளம்பு, அதற்குப் பின்னால் இரு பக்கமும் கொஞ்சம் விலகிச் சின்னதாக இரண்டு பதிவு. அது பன்றியின் தடம். சாதாரண நடையில் மானுக்கு அந்தப் பின்பதிவு விழாது. இழப்பீடு கேட்கும்போது இந்தப் போட்டோ நல்ல சாட்சி, பத்திரமாக வைத்திருங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நீங்களோ உங்கள் மச்சானோ சுடக் கூடாது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, விரட்டிப் பிடிப்பது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள விலங்கு மனித உயிருக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்தாகிவிட்டால் அதைக் கொல்ல 11-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ காரணத்தை எழுதி உத்தரவு போட வேண்டும்.

ஊரில் பேசிக்கொள்வது 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டைப் பற்றி. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி கிடையாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துத் திரும்பக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழிக்கிற பன்றியைத்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். கேரளாவில் வழி வேறு. அங்கே 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் அந்த வேலைக்குச் சேர்க்கப்பட்டார்கள். அதைப் பார்த்துத்தான் நம் பக்கமும் குழப்பம் வந்திருக்கிறது.

உங்கள் தோட்டம் காட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் மூன்றாவது வகையில் வருகிறீர்கள். சரக அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுங்கள். வாய்ச்சொல்லாக விடாதீர்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

மச்சான் துப்பாக்கி ஏன் வேண்டாம் என்று நான் சொல்வதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. மக்காச்சோளக் காட்டுக்குள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கறுப்பாக ஒன்று அசைகிறது. அதற்குப் பின்னால் யார் பரண் போட்டுக் காவல் இருக்கிறார், எந்தச் சாளையில் யார் படுத்திருக்கிறார் என்று தெரியாது. அடிபட்ட பன்றி அங்கேயே சாகாது. ஓடைப் புதருக்குள் போய் இரண்டு நாள் கிடக்கும், மூன்றாம் நாள் விறகு பொறுக்கப் போகிற அம்மா மேல் பாயும். அப்படித் தொடையில் கிழிபட்டவரை நான் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுட்டுக் குறைத்துவிடலாம் என்ற நம்பிக்கையே பாதி தப்பு. ஜெர்மனியில் 2017-18 வேட்டைப் பருவத்தில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகளைச் சுட்டார்கள். பல தலைமுறையாகப் பயிற்சி பெற்ற வேட்டைக்காரர்கள் உள்ள நாடு அது. அங்கேயும் பன்றி தீரவில்லை. தாய்ப்பன்றி நான்கு மாதத்துக்குள் ஈன்றுவிடும், ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி. தீனி தாராளமாக இருந்தால் ஒரு வயதுப் பெண் பன்றிகூடக் குட்டி போடத் தயாராகிவிடும். பத்தைச் சுட்டுவிட்டு மக்காச்சோளத்தையும், ஊரோரக் குப்பையையும், சீமைக்கருவேலம் மண்டிய ஓடையையும் அப்படியே விட்டால் மிஞ்சிய பன்றிகளுக்கு ஆளுக்கு அதிகமாகத் தீனி கிடைக்கும். பகலில் அவை படுத்திருப்பது அந்த ஓடையில்தான். ஊர் கூடி அதைச் சுத்தம் செய்த இடங்களில் பன்றி விலகிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய சேலை கட்டுவது, சலூன் முடி தூவுவது எல்லாம் சில வாரம் வேலை செய்யும், அப்புறம் பழகிவிடும். ஓரத்தில் நெருக்கமாக ஆமணக்கு போடுவது கொஞ்சம் கூடுதலாக உதவும். சோலார் வேலி போடுவதென்றால் கீழ்க்கம்பி ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, அடியில் புல் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2023 முதல் மின்வேலிக்கு வனத்துறையில் பதிவு செய்யும் விதி இருக்கிறது.

தயவுசெய்து இரண்டு காரியம் மட்டும் செய்யாதீர்கள். மோட்டார் ரூம் கரண்ட்டை நேரே கம்பியில் விடாதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி விட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அவுட்டுக்காயும் வைக்காதீர்கள். பன்றிக்கென்று பழத்துக்குள் வைத்த வெடியை யானை கடித்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். தாடை சிதறிய ஒரு பெண் யானை ஓடைத் தண்ணீரில் வாயை முக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். குடிக்க முடியவில்லை, வலிக்குக் குளுமை தேடி நின்றது. இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காலையில் நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

இழப்பீட்டைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியது நியாயம். நான் வேலை பார்த்த ஒரு சரகத்தில் ஒரு கரும்புக்காரருக்கு வர வேண்டிய பணம் பதினான்கு மாதம் இழுத்தது. மனு, வி.ஏ.ஓ. சான்று, அடங்கல், போட்டோ என்று அவர் எல்லாம் சரியாகக் கொடுத்திருந்தார். பணம் வந்தபோது அவர் கரும்பை விட்டுவிட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். காட்டை ஊரே அனுபவிக்கிறது. பெய்கிற மழை, ஓடுகிற ஆறு எல்லாருக்கும். அதற்கான விலையைக் காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர் மட்டும் கொடுக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கில் நியாயம்? முதலில் அந்தப் பணம் அறுவடைக்குள் வந்து சேர வேண்டும். துப்பாக்கியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: மயிலும் நெல்லைக் கொத்தி அழிக்கிறது. பன்றிக்கு உள்ள அனுமதி மயிலுக்கு ஏன் இல்லை?
— வாசகர், விராலிமலை

மயில் இருப்பது முதல் அட்டவணையில், அதாவது சட்டம் அதிகப் பாதுகாப்பு கொடுக்கும் பட்டியலில். யானை, புலியும் அதில்தான். அந்த அட்டவணை விலங்கைக் கொல்ல உத்தரவு போட வேண்டுமானால் அது மனித உயிருக்கு ஆபத்தாக இருக்க வேண்டும், அல்லது இனித் தேறாது என்ற அளவுக்கு ஊனமோ நோயோ இருக்க வேண்டும். பயிர்ச் சேதம் அங்கே காரணமாகாது. இழப்பீடுதான் வழி. நெல்லில் விஷம் கலந்து வைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதை மயில் மட்டுமே தின்னும் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கோழியும் தின்னும், செத்த மயிலைத் தின்ற நாயும் சாகும்.

கேள்வி: அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வேட்டைக்காரர்கள் கட்டும் பணத்தில்தான் காடு பிழைக்கிறது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். இந்தியாவும் அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா?
— விலங்கியல் மாணவி, திருச்சி

கண்ணு, உங்கள் பேராசிரியர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 1937-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி மாநிலங்களின் வன உயிரினப் பணிக்கு மட்டுமே போக வேண்டும் என்பது ஏற்பாடு. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். இன்றைக்கும் அது ஓடுகிறது.

இன்னும் நல்ல உதாரணம் பாகிஸ்தானில் இருக்கிறது. மார்க்கோர் என்ற திருகுகொம்புக் காட்டாடு அங்கே அழியும் நிலையில் இருந்தது. 1980-களின் நடுவில் பலுச்சிஸ்தானின் தோர்கர் மலையில் அந்த ஊர்க்காரர்களே காவலாளிகளானார்கள். வருடத்துக்கு ஓரிரு வயதான கிடாக்களை மட்டும் வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு விட்டு, அந்தப் பணத்தில் காவல் சம்பளம் கொடுத்தார்கள். இன்று நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 12 மார்க்கோர்தான் சர்வதேச ஒதுக்கீடு. ஒரு அனுமதி ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது, அதில் 80 சதவீதம் மலைக்கிராமத்துக்கு. 2015-ல் மார்க்கோரை அழியும் நிலைப் பட்டியலிலிருந்து இரண்டு படி இறக்கினார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு ஆட்டைக் கொன்று ஆயிரக்கணக்கான ஆட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் சிங்கத்துக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள். கூட்டத்தை ஆளும் ஆண் சிங்கத்தைச் சுட்டால், புதிதாக வருகிற ஆண் பழைய குட்டிகளைக் கொன்றுவிடும். தோட்டா ஒன்றுதான், சாவது பல உயிர். அதனால்தான் தான்சானியாவிலும் மொசாம்பிக்கின் நியாசாவிலும் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் சிங்கத்தைத் தொடக் கூடாது என்று விதி வைத்தார்கள். கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு நாற்பது வருடத்தில் அங்கே வன உயிரினங்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. தடையால்தான் குறைந்தன என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். மேய்ச்சல், வேலி, மக்கள்தொகை, வறட்சி எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. தடை போட்டதோடு அரசின் வேலை முடிந்துவிடாது என்பதற்கு வேண்டுமானால் கென்யாவைச் சொல்லலாம்.

இந்தியாவைக் கேட்டீர்கள். நம் பக்கமே ஒரு கதை இருக்கிறது. மூணாறு தேயிலைத் தோட்டத் துரைமார்கள் 1928-ல் ஒரு வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள். இரவிகுளம் புல்வெளி அவர்களுடைய வேட்டை நிலம். முதுகில் வெள்ளி படர்ந்த வயதான வரையாட்டுக் கிடாவை மட்டும்தான் சுடலாம், பெட்டையையும் குட்டியையும் தொடக் கூடாது என்று ஒழுங்கு. அந்த மலைப் பழங்குடிகளான முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். அந்தப் புல்வெளி தேயிலையாகாமல் தப்பியதற்கும், 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆனதற்கும் அந்த வேட்டைக்காரர்களுக்கு ஒரு பங்கு உண்டு. இன்று உலகில் வரையாடு அதிகம் வாழும் இடங்களில் அது ஒன்று.

அப்படியென்றால் இன்றும் விடலாமே என்று கேட்பீர்கள். விடக் கூடாது என்பதுதான் என் கருத்து. காரணம் எண்ணிக்கை. நம் பயிற்சிப் பள்ளியில் புதுக் காவலர்களுக்கு நான் இப்படிச் சொல்லிக்கொடுப்பேன்: ஒரு பானை நிறையப் புளியங்கொட்டை. 50 எடுத்துச் சுண்ணாம்பு தடவித் திரும்பப் போட்டுக் கலக்குங்கள். மறுபடி 50 அள்ளுங்கள். அதில் 5 வெள்ளையாக இருந்தால், பத்தில் ஒன்றுதான் வெள்ளை, அப்படியானால் பானையில் சுமார் 500 இருக்கிறது. புலியின் வரி, சிறுத்தையின் புள்ளி எல்லாம் அதன் மேல் தானாகவே இருக்கும் சுண்ணாம்பு. கேமரா வைத்தால் போதும். வரையாட்டுக்கு அது கிடையாது. பல மலைகளில் ஒரே நாளில் குழுக்கள் ஏறித் தொலைநோக்கியில் எண்ண வேண்டும். தமிழ்நாடு 2024-ல் அப்படி எண்ணியபோது 1,031, 2025-ல் 1,303. ஒரே வருடத்தில் அத்தனை ஆடு பிறந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எண்ணிய இடமும் எண்ணிய விதமும் மேம்பட்டதும் அதில் சேரும். தமிழ்நாட்டில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் உள்ள ஒரு இனத்தில், இவ்வளவு பிசகு வரக்கூடிய கணக்கை வைத்துக்கொண்டு, "இந்த வருடம் பத்து கிடா" என்று எந்த அலுவலர் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார்? நான் போட மாட்டேன். எண்ணத் தெரியாத இடத்தில் சுடுவதற்கு அனுமதி கொடுப்பது அறிவியல் ஆகாது.

கேள்வி: செந்நாய்களைப் பெருக விட்டால் பன்றி தானே குறையாதா?
— வாசகர், கூடலூர்

கொஞ்சம் குறையும். செந்நாயும் சிறுத்தையும் பன்றிக்குட்டியை நன்றாகவே பிடிக்கும். ஆனால் செந்நாய் காட்டு விலங்கு, அன்னூர் கடலைக்காட்டுக்கு வராது. ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். 1972 சட்டம் வரும் வரை செந்நாயைக் கொன்று கொண்டுவந்தால் பரிசுப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். மான்களைத் தின்றுவிடுகிறது, வேட்டைக்கு மிச்சம் இல்லை என்று காரணம். இன்று அது உலக அளவில் அழியும் நிலையில் உள்ள விலங்கு. ஒரு விலங்கைத் தொல்லை என்று பட்டியல் போடும்போது அந்தப் பட்டியலை யார் எழுதுகிறார், யாருடைய வசதிக்கு என்று பார்க்க வேண்டும். பன்றியை அப்படி 'வெர்மின்' (தொல்லை விலங்கு) என்று அறிவிக்கக் கேரளா கேட்டதும், மத்திய அரசு மறுத்ததும் சரியா தவறா என்று உங்கள் நண்பர்கள் சண்டை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மறுத்தது சரி என்பேன். 62-வது பிரிவில் அறிவித்துவிட்டால் அந்த இடத்தில் யார் எத்தனை கொன்றார்கள் என்று கேட்கவே ஆள் இருக்காது.

கேள்வி: அரசே உயிரைக் கொல்வது பாவம் இல்லையா? நாய்க்குச் செய்வது போலக் கருத்தடை செய்யலாமே?
— பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

பாவம் என்ற சொல்லை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், அம்மா. கொல்கிறவனுக்கு அந்தச் சொல் நினைவில் இருக்க வேண்டும். இல்லாதவன் கையில் துப்பாக்கி கொடுக்கக் கூடாது. 2016 ஜூனில் பீகார் மொகாமாவில் வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்துச் சில நாட்களில் 200-க்கும் மேற்பட்ட நீலான்களை, அதாவது நீல்காய் என்ற பெரிய மான்களைச் சுட்டார்கள். மத்திய அமைச்சர்களே ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பகிரங்கமாகப் பேசினார்கள். ஆனால் அந்த ஆற்றங்கரை விவசாயியின் பருப்புப் பயிர் போனதும் உண்மை.

கருத்தடை சில இடங்களில் நன்றாகவே நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மகலாலி என்ற வேலியிட்ட காட்டில் 2000-லிருந்து பெண் யானைகளுக்குத் தூரத்திலிருந்து ஊசி எய்து கருத்தடை செய்கிறார்கள். ஒவ்வொரு யானையையும் முகம் பார்த்து அடையாளம் தெரியும், அதனால் முடிகிறது. இமாச்சலப் பிரதேசத்தில் 2006-07 முதல் ஒன்றரை லட்சம் குரங்குகளுக்கும் மேல் அறுவை செய்திருக்கிறார்கள். அங்கேயே குரங்கைக் கொல்ல அனுமதி வந்தபோது மக்கள் யாரும் பெரிதாகக் கொல்லவில்லை, அனுமன் என்ற எண்ணம் தடுத்தது. ராத்திரியில் மட்டும் வெளிவருகிற, வருடத்தில் இரட்டிப்பாகக்கூடிய பன்றிக்கு அந்த முறை இன்னும் கைக்கு எட்டவில்லை.

கொல்வதில் எண்ணிக்கைக்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதை அறிவியலே தாமதமாகத்தான் கற்றது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் 1967 முதல் 1994 வரை யானை அதிகம் என்று 14 ஆயிரத்துக்கும் மேல் சுட்டார்கள். குட்டிகளில் சிலவற்றை மட்டும் விட்டுவைத்துப் பிலானஸ்பெர்க் என்ற வேறு பூங்காவுக்கு லாரியில் அனுப்பினார்கள். பெரியவர்கள் யாரும் கூட இல்லை. 1990-களில் அந்த ஆண் குட்டிகள் இளவட்டமானபோது, வர வேண்டிய வயதுக்கு முன்பே மதம் பிடித்து, காண்டாமிருகங்களைக் குத்திக் கொல்ல ஆரம்பித்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்கள். 1998-ல் க்ரூகரிலிருந்து வயது முதிர்ந்த ஆண் யானைகள் ஆறைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலைகளும் நின்றன. கணக்குப் புத்தகத்தில் அவற்றை இத்தனை தலை என்றுதான் எழுதியிருந்தார்கள். அதில் யார் அப்பன், யார் பாட்டி என்று ஒரு பத்தி இல்லை.

அதனால் உங்களுக்கு என் பதில் இது. வேறு வழி எதுவும் இல்லை என்று எழுத்தில் காட்டிய பிறகு, பெயரும் பதவியும் உள்ள ஒருவர் பொறுப்பேற்று, ஒரே குண்டில் வலியில்லாமல் முடிக்கக்கூடியவர் கையால் நடந்தால், அதை நான் ஏற்பேன். வேடிக்கைக்கும், போட்டோவுக்கும், கறிக்கும் நடப்பதை ஏற்க மாட்டேன்.

கேள்வி: சார், நான் நரிக்குறவர் சமூகம். எங்க தாத்தா காலத்துல காடை, கௌதாரி, முயல் பிடிச்சுத்தான் குடும்பம் நடந்துச்சு. ராஜாக்களும் வெள்ளைக்காரங்களும் புலி சுட்டாங்க, அவங்க படம் மாளிகையில தொங்குது. நாங்க ஒரு முயல் பிடிச்சா ஜெயில். இது நியாயமா?
— இளைஞர், பெரம்பலூர் மாவட்டம்

நியாயமில்லை தம்பி. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. நீலகிரியில் 1879-லேயே வேட்டைச் சட்டம் போட்டார்கள். லைசென்ஸும் பருவமும் வைத்து வேட்டையாடுகிறவர் கனவான் ஆனார், வயிற்றுக்குப் பிடிக்கிறவர் திருடர் ஆனார். புலியை முடித்தது உங்கள் தாத்தாவின் கண்ணி இல்லை. 1947 வாக்கில் மத்திய இந்தியாவில் கடைசிச் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) மூன்றைச் சுட்டவர் ஒரு மகாராஜா. சட்டம் வந்தபோது மகாராஜாவுக்கு ஒரு பொழுதுபோக்குப் போனது, உங்கள் வீட்டில் அடுப்பே அணைந்தது. மாற்று வேலை எதையும் கையில் கொடுத்துவிட்டு அந்தச் சட்டம் வரவில்லை. பழங்குடிப் பட்டியலில் உங்கள் பெயர் சேர்வதற்கே 2023 ஆகிவிட்டது.

இருந்தாலும் இன்று முயலைப் பிடிக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது. வேறு ஒன்றைச் சொல்கிறேன். பாம்புத்தோல் வியாபாரத்தை 1976-ல் தடை செய்தபோது செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களும் உங்களைப் போலவே நடுத்தெருவில் நின்றார்கள். 1978-ல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் வந்தது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கையும் பிடித்துவந்து, சில வாரம் மண்பானையில் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அவர்கள் கையால் வருகிறது. அதே தடம் பார்க்கும் கண்தான், அதே கைதான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பர்மா மலைப்பாம்பு பெருகி ஊரைக் கெடுத்தபோது 2017-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவரை இங்கிருந்து அழைத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கௌதாரி எங்கே முட்டையிடும், முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்கள் சமூகத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. எண்ணிக்கை எடுக்க, பன்றித் தடம் பார்க்க, கண்ணி தேடிப் பிரிக்க அவர்களைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். இதைப் பணியில் இருந்தபோது இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. உங்கள் கடிதத்தை இணைத்து மூன்றாவது முறை எழுதப் போகிறேன், உங்கள் சம்மதம் வேண்டும்.

கேள்வி: தாத்தா, நீங்க எந்த மிருகத்தையாவது சுட்டிருக்கீங்களா?
— ஐந்தாம் வகுப்பு மாணவன், கோபிசெட்டிபாளையம்

ஆமாம் கண்ணு, ஒரு தடவை. மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் யாரோ பைக் கிளட்ச் கம்பியில் சுருக்கு வைத்திருந்தார்கள். ஒரு பன்றி வயிற்றில் மாட்டிக்கொண்டது. நாங்கள் போகும்போது விடிகாலை நாலு மணி. கட்டியிருந்த வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் தரை முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகியிருந்தது. கம்பி தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. கால்நடை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இனிப் பிழைக்காது, மயக்க மருந்து கொடுத்தாலும் பயனில்லை என்றார். அலுவலரிடமிருந்து எழுத்தில் உத்தரவு வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அதற்கு மூச்சு மட்டும் பெரிதாக வந்துகொண்டிருந்தது. அப்புறம் நான்தான் சுட்டேன். ஒரே குண்டு.

புரட்டிப் பார்த்தபோது மடியில் பால் இருந்தது. குட்டிகளைத் தேடி மத்தியானம் வரை ஓடையில் நடந்தோம். ஒரு புதருக்கு அடியில் புல்லைக் கடித்துக் கொண்டுவந்து குவித்துக் கட்டிய படுக்கை கிடைத்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. குட்டிகள் இல்லை. சாயங்காலம் பதிவேட்டில் எழுதினேன்: பெண், பால் கொடுக்கும் நிலை, காரணம் கம்பிச் சுருக்கு, சுட்டவர் என்று என் பெயர். படுக்கை காலியாக இருந்ததையும் எழுதினேன்.